தலைநிற்காத குழந்தையின் காதோரம் ஒரு நீலத் தடம்: கைக்குழந்தைகள் பராமரிப்பவர் கையில் இறப்பது ஏன், எங்கே தடுக்கலாம்?

கேள்வி: கைக்குழந்தைகள் தங்களைப் பார்த்துக்கொள்பவர்களின் கையாலேயே இறந்துபோகும் செய்திகளைப் படித்தால் நம்ப முடியவில்லை. பெற்ற மனம் இதை எப்படிச் செய்கிறது? முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? என் உறவினரின் இரண்டரை மாதக் குழந்தையின் காதோரம் நீலமாக ஒரு தடம் பார்த்தேன். கிலுகிலுப்பை பட்டுவிட்டது என்கிறார்கள். நான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்:

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக் கூடாது. இரண்டரை மாதக் குழந்தையின் காதோரம் கன்றிய தடம் இருந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், குழந்தை நன்றாகப் பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாலும், அன்றைக்கே ஒரு குழந்தை மருத்துவர் அதை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஆடை களைந்து பார்க்க வேண்டும். நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. யாரோ அடித்துவிட்டார்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லவும் இல்லை. ரத்தம் உறையாத நோயின் முதல் அடையாளமாகக்கூட அது இருக்கலாம், அதுவும் அன்றைக்கே கண்டுபிடிக்கப்பட வேண்டிய ஒன்றுதான். இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்தத் தடம் மருத்துவரின் கண்ணில் பட வேண்டும்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குழந்தைக்குத் தலை நிற்க மூன்று நான்கு மாதம் ஆகும். குப்புற விழ நான்கிலிருந்து ஆறு மாதம், தவழ ஏறத்தாழ எட்டு மாதம். தானாக நகரத் தெரியாத உடல் தன்னைத்தானே எதிலும் இடித்துக்கொள்ளாது. இரண்டரை மாதத்தில் கிலுகிலுப்பையைக் கையில் வைத்தால் சில நொடிகளில் நழுவ விட்டுவிடும், காது கன்றும்படி ஓங்கி அடித்துக்கொள்ளும் வலு அந்தக் கைக்கு இல்லை. அமெரிக்காவில் வழக்கமான பரிசோதனைக்கு வந்த மூன்று வயது நிறையாத 973 குழந்தைகளின் உடலைப் பார்த்து 1999-இல் ஓர் ஆய்வு வெளியானது. நடக்கத் தொடங்கிவிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் எங்கேனும் ஒரு கன்றல் இருந்தது. விழுந்து எழுந்து வளரும் வயது, முழங்காலிலும் நெற்றியிலும் தடம் இருப்பது இயல்பு. ஆனால் ஆறு மாதம் நிறையாத 366 பேரில் கன்றல் இருந்தவர்கள் இரண்டே பேர்.

அதனால்தான் குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு விதி கற்பிக்கப்படுகிறது. 2010-இல் முன்வைக்கப்பட்டு 2021-இல் விரிவாக்கப்பட்ட விதி அது. நான்கு வயது நிறையாத குழந்தைக்கு மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் கன்றல் இருந்தால், அல்லது மேலுதட்டின் உள்மடிப்போ நாக்கின் அடிமடிப்போ கிழிந்திருந்தால், அல்லது தாடையின் மூலையிலோ கன்னத்தின் சதையிலோ இமையிலோ தடம் இருந்தால், அல்லது கண்ணின் வெண்பகுதியில் ரத்தம் கட்டியிருந்தால், அதற்குப் பொருத்தமான விபத்துக் காரணம் சொல்லப்படாத வரை நிறுத்தி விசாரிக்க வேண்டும். ஐந்து மாதம் நிறையாத குழந்தைக்கோ, உடலில் எந்த இடத்தில் கன்றல் இருந்தாலும் விசாரிக்க வேண்டும். காது இந்தப் பட்டியலில் இருப்பது தற்செயல் அல்ல. குழந்தை விழும்போது நெற்றியும் மூக்கும் முகவாயும்தான் தரையைத் தொடும். காதுமடல் அப்படி எளிதில் தொடாது. அதைத் தொடுவது பெரும்பாலும் ஒரு கை.

அடுத்து, முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா என்ற கேள்வி. பல குழந்தைகள் விஷயத்தில் உண்டு என்பதே நான் இத்தனை நீளமாக எழுதுவதன் காரணம். பராமரிப்பவர் கையில் நிகழும் மரணம் பெரும்பாலும் ஒரே நாளில் வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு முன் ஒரு சிறு காயம் வந்து, காட்டப்பட்டு, காரணம் சொல்லப்பட்டு, மறக்கப்பட்டிருக்கும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், வன்முறைக்கு ஆளானது உறுதியான 200 கைக்குழந்தைகளின் பழைய விவரங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். அவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கு முன்னதாகவே அப்படியொரு சிறு காயம் இருந்திருக்கிறது. அந்தக் காயங்களில் ஐந்தில் நான்கு வெறும் கன்றல்கள், மூன்றில் இரண்டு மூன்று மாதம் நிறைவதற்கு முன்பே வந்தவை. வன்முறை இல்லை என்று முடிவான 101 குழந்தைகளில் ஒருவருக்குக்கூட அத்தகைய முன்காயம் இல்லை. என்னை உறங்கவிடாத எண் இன்னொன்று: அந்த முன்காயங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றை ஒரு மருத்துவரோ செவிலியரோ அப்போதே அறிந்திருந்தார்.

அப்படி அறிந்தவர்களில் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன். பயிற்சி முடித்து வந்த புதிதில், பதினொரு வாரக் குழந்தை ஒன்றைச் சளி என்று கொண்டுவந்தார்கள். சட்டையைப் பாதி மட்டும் தூக்கி, ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்டேன். இடது காதுமடலின் மேல்விளிம்பில் மிளகளவில் இரண்டு கருநீலப் புள்ளிகள் இருந்தன. கேட்டபோது, படுக்கை விளிம்பில் அழுந்தியிருக்கும் என்றார் தந்தை. தாய் குழந்தையின் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தலையசைத்துவிட்டு, சளிதான், காய்ச்சல் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். பதினெட்டு நாள் கழித்து அதே குழந்தை வலிப்போடும் மூச்சுத் திணறலோடும் வந்தது. உச்சிக்குழி புடைத்திருந்தது. மூளையைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது, அதில் பழையதும் புதியதும் கலந்திருந்தன. எக்ஸ்ரேயில் முதுகெலும்பை ஒட்டிய விலா எலும்புகள் மூன்றில் முறிவு ஆறிக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் எலும்பு திரண்டு வெண்மணிபோல் தெரிந்தது. அப்படித் திரள்வதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அதாவது, நான் சட்டையைப் பாதி தூக்கி மூச்சைக் கேட்ட அன்றைக்கே அந்த எலும்புகள் முறிந்திருக்கலாம். மூன்றாம் நாள் குழந்தை இறந்துபோனது. அதற்குப் பின் என் முன் வரும் எந்தக் கைக்குழந்தையையும் நான் சட்டையோடு பரிசோதித்ததில்லை.

இது என் ஒருவனுடைய தவறு மட்டும் அல்ல என்பதை 1999-இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. வன்முறையால் தலையில் காயப்பட்ட 173 குழந்தைகளில் 54 பேருக்கு முதல்முறை மருத்துவரிடம் வந்தபோது உண்மை கண்டறியப்படவில்லை. வாந்தியா, வயிற்றுக் கிருமியாக இருக்கும் என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். கண்டறியப்படாதவர்களில் பின்னர் இறந்த ஐந்து குழந்தைகளில் நால்வரின் மரணம் தடுக்கப்பட்டிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு.

பெற்ற மனம் இதை எப்படிச் செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அரக்கர்கள் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் நம் மனதுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் எந்தக் குழந்தையையும் அது காப்பாற்றாது. கொல்ல வேண்டும் என்று முன்கூட்டித் திட்டமிட்டவர்கள் இருக்கிறார்கள், வாரக்கணக்கில் வதைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆயினும் கைக்குழந்தை மரணங்களில் அடிக்கடி காணப்படும் தொடக்கப் புள்ளி ஒன்று உண்டு. அது அழுகை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஆனால் வயிறு நிறைந்த பிள்ளையும் அழும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. பிறந்து இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது எட்டாவது வாரங்களில் உச்சத்தைத் தொட்டு, நான்கு ஐந்து மாதத்தில் தணியும். நலமான குழந்தைகளிலேயே சில நாளில் ஐந்து மணி நேரம்வரை அழுபவர்கள் உண்டு. மாலையிலும் இரவிலும் கூடும். வலியால் துடிப்பதுபோல் முகம் சிவக்கும், ஆனால் வலி எதுவும் இருக்காது. பால் கொடுத்தும், துணி மாற்றியும், தோளில் போட்டு நடந்தும் நிற்காது, பின்பு காரணமின்றித் தானே நிற்கும். இந்த அழுகையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரொனால்ட் பார் என்ற கனடிய மருத்துவர் இதை வளர்ச்சியின் இயல்பான ஒரு கட்டம் என்று விளக்கினார். உலுக்கப்பட்டு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் வயதை வரைபடமாகப் போட்டால், அது இந்த அழுகையின் வரைபடத்தைப் போலவே ஏறி இறங்குகிறது. உச்சம் மட்டும் சில வாரம் தள்ளி வருகிறது.

பல இரவுகள் தூங்காத ஒருவர், தனியாக, அடுத்து என்ன செய்வது என்று தெரியாத நிலையில், குழந்தையை விலாவின் இருபுறமும் பிடித்துத் தூக்கி உலுக்கிவிடுகிறார். அப்போது அழுகை நின்றுவிடுகிறது. இதுதான் இந்த விஷயத்தின் மிகக் கொடிய பகுதி. பிரான்சில், உலுக்கியதை நீதிமன்ற விசாரணையில் ஒப்புக்கொண்ட 29 பேரின் வாக்குமூலங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு முறையோடு நிறுத்தவில்லை, சராசரியாகப் பத்து முறை உலுக்கியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன முதன்மைக் காரணம், உலுக்கினால் குழந்தை அமைதியாகிவிடுகிறது என்பது. காயப்பட்ட மூளை மயங்கிப்போன நிலைதான் அந்த அமைதி. அவர்களோ அதைத் தூக்கம் என்று நம்பினார்கள், அல்லது நம்ப விரும்பினார்கள். ஒருமுறை பலித்துவிட்டதாகத் தோன்றியது அடுத்த இரவுக்கும் வழியாகிவிட்டது.

உடலுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கழுத்துத் தசைக்கு அந்தப் பாரத்தை நிறுத்தும் வலு இல்லை. நீர்ச்சத்து மிகுந்த, இளகிய மூளை, முன்னும் பின்னும் வீசப்படும்போது மண்டையோட்டுக்குள் சுழல்கிறது. மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே செல்லும் மெல்லிய சிரைகள் அறுந்து ரத்தம் கசிகிறது, விழித்திரையிலும் ரத்தம் கசிகிறது, மூச்சு தடைப்பட்டு மூளை வீங்குகிறது. வெளியே தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் இவ்வளவும் நடக்கலாம். இப்படிக் காயப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களில் பலருக்குப் பார்வையோ நடையோ பேச்சோ போய்விடுகிறது, அல்லது வாழ்நாள் முழுதும் வலிப்பு தொடர்கிறது. மடியில் வைத்து ஆட்டுவதாலோ, கொஞ்சி மெல்லத் தூக்கிப்போட்டுப் பிடிப்பதாலோ இது வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், இளம் பெற்றோர் தேவையின்றி அஞ்ச வேண்டாம்.

"கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது" என்பதே இத்தகைய குழந்தைகளைக் கொண்டுவருபவர்களிடம் நாங்கள் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம். கட்டிலிலிருந்து குழந்தைகள் விழுவது உண்மைதான், தலை வீங்குவதும் சில நேரம் எலும்பு கீறுவதும் உண்மைதான். ஆனால் அத்தகைய தாழ்வான உயரத்திலிருந்து விழுந்து இறப்பது மிக மிக அரிது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பத்து லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 0.48-க்கும் குறைவு என்று 2008-இல் கணக்கிடப்பட்டது.

பெற்றவரே குழந்தையைக் காயப்படுத்துவார் என்பதை மருத்துவ உலகம் நம்ப மறுத்த வரலாறு நீண்டது. பாரிசில் அம்புருவாஸ் தார்தியூ என்ற தடயவியல் மருத்துவர் 1860-இலேயே 32 குழந்தைகள் வதைக்கப்பட்டதையும், அவர்களில் 18 பேர் இறந்ததையும் எழுதினார். கேட்பார் இல்லை. 1946-இல் ஜான் காஃபி என்ற எக்ஸ்ரே வல்லுநர், மூளை உறைக்கடியில் ரத்தம் கட்டிய ஆறு குழந்தைகளின் கை கால் எலும்புகளில் 23 முறிவுகளைக் கண்டார், அவற்றுக்கு ஏற்ற காரணம் எதையும் எந்தப் பெற்றோரும் சொல்லவில்லை என்று பதிவுசெய்தார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய துணைவர்களும் 1962-இல் இதற்கு ‘அடிபட்ட குழந்தை நோய்க்குறி’ என்று வெளிப்படையாக ஒரு பெயர் வைத்த பிறகுதான், அமெரிக்க மாநிலங்களில் மருத்துவர் சந்தேகத்தைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. காயங்கள் கண்ணெதிரே இருந்தும், பின்னாளில் எக்ஸ்ரேயிலேயே தெரிந்தும், பெற்றவர் செய்யமாட்டார் என்ற நினைப்பு நூறு ஆண்டுகள் கண்ணை மறைத்தது. "தலையணையில் அழுந்தியிருக்கும்" என்று உறவினர்கள் இன்றும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வது அதே நினைப்பின் தொடர்ச்சிதான்.

யார் செய்கிறார்கள் என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. உலுக்கியவர்களில் தந்தையும், தாயோடு வாழும் வேறு ஆணும் முன்னிலையில் இருக்கிறார்கள். தாய், கூலிக்குப் பார்த்துக்கொள்பவர், பிற உறவினர் அடுத்து வருகிறார்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநில மரணங்களை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வு, பெற்ற இருவரோடும் வாழும் சிறு குழந்தைகளைவிட, உறவில்லாத பெரியவர் வாழும் வீட்டில் இருக்கும் குழந்தைகள் பிறரால் ஏற்பட்ட காயத்தால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 50 மடங்கு என்று சொன்னது. இதைப் படித்துவிட்டு மறுமணம் செய்துகொண்டவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கக் கூடாது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தையை நெஞ்சில் சுமப்பவர்கள்தான். அதே ஆய்வில் இருந்தும் அதிகம் பேசப்படாத ஒரு முடிவை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன்: வேறு பெரியவர் யாரும் இல்லாமல் தனியாகக் குழந்தை வளர்க்கும் பெற்றோரின் வீட்டில் இந்த ஆபத்து கூடவில்லை. தனித்தாய் வளர்ப்பதால் ஆபத்து என்று பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தையின் அழுகைக்குப் பழகாத ஒருவரிடம், அவர் தயாரா என்று கேட்காமல், தனியாக விட்டுச் செல்வதே கவலைக்குரியது.

எல்லா மரணமும் அழுகையில் தொடங்குவதில்லை. பிறந்த முதல் 24 மணி நேரத்தில் நிகழும் கொலைகளை பிலிப் ரெஸ்னிக் என்ற மனநல மருத்துவர் 1970-இல் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். அங்கே பெரும்பாலும் மறைக்கப்பட்ட கருவும், அதை யாரிடமும் சொல்ல முடியாத ஓர் இளம்பெண்ணும் இருப்பார்கள். இன்னொன்று பேறுகாலத்துக்குப் பின் வரும் கடும் மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று இரண்டு பேருக்கு வரும் இந்த நோய், தூக்கமின்மையோடும் குழப்பத்தோடும் திடீரெனத் தொடங்கி, இல்லாத குரலைக் கேட்கச் செய்யும், குழந்தையைப் பற்றி விபரீத நம்பிக்கைகளை விதைக்கும். மருத்துவமனையில் சேர்த்தால் நன்றாகக் குணமாகும் நோய் இது. பிள்ளை பெற்றவள் ஏதோ பிதற்றுகிறாள் என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பிறவியிலேயே முதுகிலும் பிட்டத்திலும் இருக்கும் நீலத் திட்டுகள் கன்றல்போல் தோன்றும், அவை வெறும் நிறம். எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய், வைட்டமின் கே குறைவால் வரும் ரத்தக்கசிவு, ரத்தம் உறையாமை, மூளையைச் சுற்றி ரத்தம் கட்டவைக்கும் சில வளர்சிதை நோய்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்காமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. உலுக்குவதால் மூளை உறையில் ரத்தம் கட்டும் என்பதை 1971-இல் எழுதிய பிரிட்டன் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச்சே, மூளைக்குள் காணும் சில அடையாளங்களை மட்டும் வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதைத் தம் முதிய வயதில் எதிர்த்தார். இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளை அடுத்தடுத்து இழந்த ஒரு தாய், அது தற்செயலாக நடக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்ற பிழையான கணக்கு நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட வழக்கில் 1999-இல் ஆயுள் தண்டனை பெற்று, 2003-இல்தான் விடுவிக்கப்பட்டார். ஆகவே சந்தேகத்தைத் தெரிவிப்பது நம் கடமை, தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல.

தடுப்பு பற்றி நம்பிக்கையோடும் நிதானத்தோடும் பேச வேண்டியிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், பிரசவித்து வீடு திரும்பும் முன்பே பெற்றோர் இருவருக்கும் உலுக்குவதன் ஆபத்தை விளக்கும் திட்டத்தை மார்க் டயஸ் என்ற மருத்துவர் நடத்தினார். இத்தகைய காயங்கள் 47 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் தெரிவித்தார். அதே அணுகுமுறையைப் பென்சில்வேனியா முழுதும் விரித்தபோது, பெற்றோரின் அறிவு கூடியது, மருத்துவமனைக்கு வரும் காயங்களோ குறையவில்லை. அழுகையின் இயல்பை மருத்துவமனையிலும், பின்பு செவிலியர் வழியாகவும், பொது மக்களிடமும் திரும்பத் திரும்பச் சொன்ன கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 35 விழுக்காடு குறைந்தது. என் அனுபவத்தில், உலுக்கினால் ஆபத்து என்பது தெரிந்தவரும் இரவு மூன்று மணிக்கு அதை மறப்பார். அந்த நேரத்தில் உதவுவது, முன்பே முடிவு செய்து வைத்த ஒரு வழி: குழந்தையைப் பாதுகாப்பான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு, பத்து நிமிடம் வெளியே சென்று முகம் கழுவி, யாரையாவது அழைத்துப் பேசி, பின்பு திரும்பி வந்து பார்ப்பது. அழுவதால் எந்தக் குழந்தையும் சாவதில்லை. காய்ச்சல், விடாத வாந்தி, பால் மறுப்பு, அசாதாரணச் சோர்வு இருந்தால் அது நோயின் அழுகையாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒருவேளை உலுக்கிவிட்டிருந்தால், தூங்கட்டும் என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும். மருத்துவர் எதைத் தேட வேண்டும் என்பதை அந்த ஒரு வாக்கியம்தான் சொல்லித் தரும்.

இனி உங்கள் உறவினர் வீடு. அங்கே போய் யார் அடித்தது என்று கேட்காதீர்கள், கேட்டால் கதவு மூடிக்கொள்ளும், குழந்தை உள்ளே இருக்கும். இந்த வயதுக் குழந்தைக்குக் கன்றல் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டுமாம், நானும் உடன் வருகிறேன் என்று சொல்லி இன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். அது பொய்யும் அல்ல. மருத்துவரிடம் தடத்தை முதலில் பார்த்தது எந்த நாள், எந்தக் காது, அவர்கள் சொன்ன காரணம் என்ன என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். பிறகு எலும்பு முழுவதற்கும் எக்ஸ்ரே, தேவையானால் தலைக்கு ஸ்கேன், கண் பரிசோதனை என்று அவர் முடிவு செய்வார். அவர்கள் வர மறுத்தால், அல்லது இரண்டாவது தடம் ஒன்றைக் கண்டால், குழந்தைகள் பாதுகாப்புக்கான அரசு அமைப்பிடம் அன்றைக்கே தெரிவியுங்கள். தெரிவிப்பதற்குச் சான்று தேவையில்லை, நியாயமான சந்தேகம் போதும். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அந்தத் தாயிடம் இரவில் குழந்தை எவ்வளவு நேரம் அழுகிறது, அப்போது யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று மெல்லக் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் குழந்தையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், காத்திருங்கள், பேச்சை மாற்றிவிடாதீர்கள்.